ரயில் டிக்கெட்டுக்கு அருங்காட்சியகச் சலுகை: பலன் யாருக்கு, செலவு யாருடையது?

லண்டனில் ஏறி பாரிசிலோ பிரசெல்சிலோ இறங்கும் யூரோஸ்டார் பயணி, தன் ரயில் டிக்கெட்டைக் காட்டினால் அந்நகரின் சில அருங்காட்சியகங்களில் ஒருவர் கட்டணத்தில் இருவர் நுழையலாம். எதிர்த்திசையில் லண்டன் வருபவருக்கும் இதே போன்ற ஏற்பாடு உண்டு. பிரிட்டனுக்குள்ளேயே ரயிலில் பயணம் செய்பவர்களுக்கு லண்டன் கோபுரம் முதலிய இடங்களில் ‘ஒரு கட்டணம், இரண்டு பேர்’ சலுகை பல ஆண்டுகளாக இருந்துவந்திருக்கிறது. இத்தாலியின் ட்ரெனித்தாலியா நிறுவனம் தன் விரைவு ரயில் பயணிகளுக்குச் சில பெரிய கண்காட்சிகளில் இதே வகைச் சலுகையைத் தந்திருக்கிறது. சுவிட்சர்லாந்து இன்னும் முன்னே போய், வெளிநாட்டவர் வாங்கும் ரயில் பாஸிலேயே 500க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களின் நுழைவை அடக்கிவிட்டது.

ஓவியம் பார்க்க வருபவர் எந்த வண்டியில் வந்தார் என்பதைக் கலைக்கூடம் ஏன் பொருட்படுத்த வேண்டும்? மேலோட்டமாகப் பார்த்தால் இது விளம்பரத் துறையினர் தீர்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி. ஆனால் இதற்குள் இரண்டு பழைய விவாதங்கள் புதைந்திருக்கின்றன. அருங்காட்சியகத்தின் செலவை யார் ஏற்க வேண்டும் என்பது ஒன்று. வெளியூர்க்காரரிடம் உள்ளூர்க்காரரைவிடக் கூடுதலாக வாங்குவதா, குறைவாக வாங்குவதா என்பது மற்றொன்று. ஏறத்தாழ 175 ஆண்டுகளாக இவற்றுக்குப் பல பதில்கள் சொல்லப்பட்டிருக்கின்றன.

ஷில்லிங் நாட்களும் ரயில் கட்டணப் போட்டியும்

ரயிலும் கண்காட்சியும் பெரிய அளவில் முதன்முதலாகக் கைகோத்தது 1851இல், லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சியின்போது எனலாம். தொடக்க நாட்களில் நுழைவுக் கட்டணம் ஒரு பவுண்டு; பிறகு ஐந்து ஷில்லிங். மே 26 முதல், வாரத்தில் நான்கு நாட்களுக்கு அது ஒரு ஷில்லிங்காகக் குறைந்தது. அதே கோடையில் வடக்கிலிருந்து லண்டனுக்கு ரயில் ஓட்டிய நிறுவனங்களுக்கிடையே கட்டணப் போட்டி மூண்டது. லீட்ஸ் பகுதியிலிருந்து லண்டன் போய்த் திரும்ப ஐந்து ஷில்லிங் போதும் என்ற நிலை வந்தது. சுற்றுலா ஏற்பாட்டாளர் தாமஸ் குக் மட்டும் சுமார் ஒன்றரை இலட்சம் பேரைச் சுற்றுலா ரயில்களில் அழைத்துவந்தார். கண்காட்சிக்கு மொத்தம் 60 இலட்சம் வருகைகள். தொழிலாளர் கூட்டம் வந்தால் கலவரம் மூளும் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, ரயில் கட்டணமும் நுழைவுக் கட்டணமும் ஒருசேர இறங்கியது. இன்றைய சலுகைகளில் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இறங்குகிறது. பயணச் செலவு அப்படியே நிற்கிறது. 1851இன் கதையை இன்றைய சலுகைக்கு முன்னோடி என்று காட்டுபவர்கள் இந்த வேறுபாட்டைக் கடந்துபோய்விடுகிறார்கள்.

ஆறு ஆண்டுகள் கழித்து மான்செஸ்டரில் நடந்த கலைச் செல்வங்கள் கண்காட்சி முழுக்க முழுக்கக் கலைக்கானது. 16,000க்கும் மேற்பட்ட படைப்புகள். 13 இலட்சம் வருகைகள். கட்டடம் ரயில் பாதையை ஒட்டியே எழுப்பப்பட்டது. சால்ட்டேர் ஆலை முதலாளி டைட்டஸ் சால்ட் தன் தொழிலாளர்கள் சுமார் 2,500 பேரைத் தனி ரயில்களில் அனுப்பிவைத்தார். அதே 1857இல், ஹைட் பார்க் கண்காட்சியில் மிஞ்சிய 1,86,000 பவுண்டைக் கொண்டு வாங்கிய நிலத்தில் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இன்றைய விக்டோரியா – ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதுதான். அதன் முதல் இயக்குநர் ஹென்றி கோல், வாரத்தில் மூன்று நாள் இலவசம், மாணவர்கள் அமைதியாகப் படிப்பதற்கென ஒதுக்கிய மூன்று நாள் ஆறு பென்ஸ் என்று வகுத்தார். வேலை முடிந்து வருபவர்களுக்காக மாலையில் வாயு விளக்கேற்றித் திறந்துவைத்தார். கட்டணத்தைக் கொண்டு கூட்டத்தை நாள்வாரியாகப் பிரிக்கலாம் என்ற எண்ணம் அங்கேயே தெளிவாக இருந்திருக்கிறது.

இந்த உற்சாகத்துக்கு எதிர்க்குரலும் அந்நூற்றாண்டிலேயே எழுந்தது. பொருளியலாளர் ஸ்டான்லி ஜெவன்ஸ், கண்ணாடிப் பெட்டிகள் நிறைந்த பெரிய கட்டடத்துக்குள் மக்களை நடக்கவிட்டால் போதும், அவர்கள் பண்பட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையைக் கடுமையாகக் கண்டித்தார். வாசலில் எண்ணிய தலைகள் உள்ளே நிகழ்ந்த கற்றலைச் சொல்லாது என்பது அவர் வாதம். சலுகைத் திட்டங்களின் வெற்றி இன்றும் தலைகளை எண்ணித்தான் கணக்கிடப்படுகிறது.

விலைப் பாகுபாடு என்ற விளக்கம்

இத்தகைய சலுகைகளுக்கான சந்தை வழி விளக்கத்தின் வேர் பிரான்சில் இருக்கிறது. 1840களில் பொறியியலாளர் ஜூல் துய்ப்யூயி, ஒரே சேவைக்கு வெவ்வேறு ஆட்களிடம் வெவ்வேறு விலை வாங்குவதன் தர்க்கத்தை ரயில், பாலக் கட்டணங்களைக் கொண்டு விளக்கினார். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாததன் காரணம் கூரையின் செலவு அன்று. இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக் கூடியவர் மூன்றாம் வகுப்புக்கு இறங்கிவிடாமல் தடுப்பதே நோக்கம் என்று அவர் காட்டினார். 1976இல் ஆடம்ஸ், யெலன் என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள், இரண்டு பொருள்களைச் சேர்த்து விற்பது வாங்குவோரை வகைப்படுத்தும் உத்தியாக எப்படிச் செயல்படுகிறது என்பதை விளக்கினார்கள். ரயில் டிக்கெட்டோடு வரும் நுழைவுச் சலுகையை இந்த வரிசையில் வைத்துப் பார்ப்பது பொருத்தமே.

ஆனால் இந்தத் தர்க்கத்தை முழுமையாகப் பின்தொடர்ந்தால் எதிர்பாராத இடத்தில் கொண்டுபோய்விடும். ரயிலுக்கும் விடுதிக்கும் செலவழித்து இரண்டு நாளுக்காகப் பாரிஸ் வந்தவர், லூவர் வாசலில் கட்டணத்தைப் பார்த்துத் திரும்பிப் போவாரா? போக மாட்டார் என்றே பலரும் கருதுகிறார்கள். விலைக்கு அசையாதவரிடம் அதிகம் வாங்கு, அசைபவரிடம் குறைவாக வாங்கு என்பது விலைப் பாகுபாட்டின் அரிச்சுவடி. அதன்படி சுற்றுலாப் பயணியிடம் கூடுதலாக வாங்க வேண்டும். அடிக்கடி வரக்கூடிய உள்ளூர்க்காரருக்கே சலுகை தர வேண்டும்.

உலகின் பெரிய நிறுவனங்கள் பல இத்திசையில்தான் போகின்றன. விரும்பிய தொகையைக் கொடுத்து நுழையலாம் என்றிருந்த நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், 2018 மார்ச் முதல் வெளிமாநிலத்தவரிடம் 25 டாலர் கட்டாயமாக வாங்கத் தொடங்கியது. நியூயார்க் மாநிலத்தவருக்குப் பழைய முறையே நீடித்தது. லூவர் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கு வெளியே இருந்து வருவோரிடம் 32 யூரோ வாங்குகிறது. மற்றவர்களுக்கு 22 யூரோ. இந்தியாவில் தாஜ்மஹாலிலும் பிற தொல்லியல் சின்னங்களிலும் இந்தியருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்குப் பல மடங்கு என்பது நமக்குப் பழகிய ஏற்பாடு.

ஆக, வெளியூர்க்காரருக்குக் கூடுதல் கட்டணம் என்ற போக்கும், ரயிலில் வந்த வெளியூர்க்காரருக்குத் தள்ளுபடி என்ற போக்கும் ஒரே காலத்தில், சில வேளை ஒரே நகரத்தில் நிலவுகின்றன. முரண்பாடு போலத் தோன்றும் இதை ஓரளவு தீர்த்துவைக்க முடியும். மோனலிசா இருக்கும் கட்டடத்துக்குப் பயணி எப்படியும் போவார். அங்கே தள்ளுபடி தந்தால் வரவேண்டிய பணம் குறைகிறதே ஒழிய, புதிதாக எவரும் வந்துவிடுவதில்லை. அவர் பட்டியலில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ இருக்கும் கூடத்தின் நிலை வேறு. ஞாயிறு மதியம் எஞ்சியிருக்கும் இரண்டு மணி நேரத்துக்குக் கடைத்தெருவும் காபிக் கடையும் ஆற்றோர நடையும் போட்டியிடுகின்றன. அந்த இடத்தில் பாதிக் கட்டணம் தராசைச் சாய்க்கக்கூடும். ரயில் சலுகையின் நியாயம், பெயர் பெற்ற பெரிய கூடங்களில் மிகக் குறைவாகவும் இரண்டாம் வரிசைக் கூடங்களில் அதிகமாகவும் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. விளம்பரங்களில் முன்னிறுத்தப்படுவது பெரும்பாலும் பெரிய பெயர்களே என்பது வருந்தத்தக்கது.

கட்டணமே வேண்டாம் என்போர்

இரண்டாவது தரப்பு, தள்ளுபடியைப் பற்றிய பேச்சையே திசைமாற்றமாகக் கருதுகிறது. அருங்காட்சியகம் பொதுச்சொத்து, கூட்டம் இல்லாதபோது இன்னும் ஒருவர் உள்ளே நுழைவதால் ஏற்படும் கூடுதல் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை, ஆகவே வாசலைத் திறந்துவிடுவதே முறை என்பது இவர்கள் நிலைப்பாடு. 1759இல் திறந்த பிரிட்டிஷ் அருங்காட்சியகமும், 1793இல் புரட்சி அரசு திறந்த லூவரும் இலவசமாகத்தான் தொடங்கின. லூவரில் கட்டணம் வந்தது 1922இல்.

பிரிட்டனின் அனுபவம் இவ்விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. 1974இல் பிரதமர் ஹீத்தின் அரசு தேசிய அருங்காட்சியகங்களில் கட்டணம் கொண்டுவந்தது. ஆட்சி மாறியதும் சில மாதங்களிலேயே அது போனது. 1980களின் பிற்பகுதியில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் அறிவியல் அருங்காட்சியகமும், 1996இல் விக்டோரியா – ஆல்பர்ட்டும் கட்டணம் விதித்தன. 2001 டிசம்பரில் அவை மீண்டும் இலவசமாயின. அதற்கு வழிவிட்டது ஒரு வரிச் சீர்திருத்தம்: இலவச அருங்காட்சியகங்கள் தாம் கட்டிய மதிப்புக் கூட்டு வரியைத் திரும்பப் பெற முடியாது என்ற விதி மாற்றப்பட்டது. அடுத்த பத்தாண்டில், முன்பு கட்டணம் வாங்கிய நிறுவனங்களின் ஆண்டு வருகை சுமார் 70 இலட்சத்திலிருந்து ஏறத்தாழ 180 இலட்சத்துக்கு உயர்ந்தது.

எண்ணிக்கை உயர்ந்தது உண்மை. வந்தவர்கள் யார் என்பதில்தான் கருத்து வேறுபாடு. சமூகவியலாளர் பியர் பூர்தியூவும் அலேன் தார்பெலும் 1966இல் வெளியிட்ட ஐரோப்பியக் கலை அருங்காட்சியகப் பார்வையாளர் ஆய்வு, வாசலுக்கு வருவதைத் தீர்மானிப்பது முதன்மையாகக் கல்வியும் குடும்பப் பழக்கமுமே என்று காட்டியது. கட்டணத்தை நீக்கினாலும், அந்தப் பழக்கம் வாய்க்காதவர் வரப்போவதில்லை. பிரிட்டனின் உயர்வில் ஒரு பகுதி ஏற்கெனவே வந்துகொண்டிருந்தவர்கள் மேலும் அடிக்கடி வந்ததால் நேர்ந்தது என்று கருதுவோர் இந்தச் சிந்தனையைத் தொடர்பவர்கள். சுவீடனின் அனுபவமும் இழுபறியையே காட்டுகிறது: 2005இல் இலவசம், 2007இல் கட்டணம், 2016இல் மறுபடி இலவசம். பிந்தைய இரண்டு மாற்றங்களுக்கும் முன்னால் ஆட்சி மாற்றம் ஒன்று நடந்திருந்தது.

ரயில் சலுகைக்குப் பூர்தியூவின் விமர்சனம் இன்னும் வலுவாகப் பொருந்தும். விடுமுறைக்கு வேறொரு நகரத்துக்கு விரைவு ரயிலில் போகக் கூடியவர், சராசரியாகப் பார்த்தால், படிப்பும் வருமானமும் உள்ளவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். கலை அனைவருக்கும் என்ற முழக்கத்தை இச்சலுகையின் மேல் ஏற்றுவது பொருந்தாது. அதைச் சுற்றுலாத் துறையின் கருவியாகவே பார்க்க வேண்டும்.

ஒரே டிக்கெட், இரண்டு பொருள்

யூரோஸ்டாரை மட்டும் எடுத்துக்கொண்டால், பொதுவாகப் பேசப்படாத ஒன்று தெரியவரும். லண்டனின் தேசிய ஓவியக் கூடம், டேட், விக்டோரியா – ஆல்பர்ட் ஆகியவற்றின் நிரந்தரத் தொகுப்புகளைப் பார்க்கக் கட்டணமே கிடையாது. ஆகவே அங்கே தள்ளுபடி என்பது தற்காலிகச் சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டுமே பொருள் தரும். பாரிசின் தேசிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் நிரந்தரத் தொகுப்புக்கே கட்டணம் உண்டு. அங்கே தள்ளுபடி அடிப்படை நுழைவையே மலிவாக்குகிறது. பாரிஸ் மாநகராட்சியின் கார்னவாலே, பெத்தி பாலே போன்றவற்றின் நிரந்தரத் தொகுப்புகளோ 2000களின் தொடக்கத்திலிருந்து எல்லோருக்கும் இலவசம்.

வயதும் வசிப்பிடமும் இதில் குறுக்கிடுகின்றன. பிரான்சின் தேசிய அருங்காட்சியகங்களில் 18 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணமில்லை. 2009 முதல், ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் 26 வயதுக்குட்பட்டோருக்கும் நிரந்தரத் தொகுப்புகள் இலவசம். ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியதால் அந்நாட்டு இளைஞர்கள் அந்த உரிமையை இழந்தார்கள். பிரசெல்சில் ஏறும் 22 வயது மாணவிக்கு ரயில் சலுகையால் கிடைப்பது ஏதுமில்லை. அவள் எப்படியும் இலவசமாகவே நுழைவாள். லண்டனில் ஏறும் அவள் வயதுத் தோழிக்கு அதே சலுகை உண்மையான உதவி. லூவரின் புதிய கட்டணமும் இந்த இருவரை வெவ்வேறு வரிசையில் நிறுத்துகிறது.

‘ஒருவர் கட்டணத்தில் இருவர்’ என்ற வடிவமும் நடுநிலையானதில்லை. அது இணையராக வருபவர்களுக்கு வெட்டித் தைத்த சட்டை. தனியாகப் பயணம் செய்பவருக்கு ஒரு காசும் மிச்சமாகாது. பிள்ளைகளுக்கு ஏற்கெனவே கட்டணமில்லாத இடங்களில், ஒற்றைப் பெற்றோராகக் குழந்தைகளை அழைத்துவரும் தாய்க்கும் இதனால் பலனில்லை. தலைக்கு 50 விழுக்காடு என்று மாற்றினால் இக்குறை உடனே தீரும். ஆனால் தனியாகவாவது எப்படியும் வரக்கூடியவரிடம் கிடைக்கும் முழுக்கட்டணத்தை இழக்க நிறுவனங்கள் தயங்குவது புரிந்துகொள்ளக் கூடியதே.

செலவு யார் தலையில்?

இதற்கான விடை நாட்டுக்கு நாடு மாறுகிறது. நெதர்லாந்தில் 1981இல் தொடங்கிய அருங்காட்சியக ஆண்டு அட்டை பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் இருக்கிறது. அட்டைதாரர் ஒவ்வொரு முறை நுழையும்போதும், நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு, அட்டைத் தொகை சேரும் நிதியிலிருந்து அந்த அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேரும். சிறிய ஊரின் சிறிய கூடத்துக்கும் வந்த தலைக்குரிய வருவாய் உறுதி. ரயில் நிறுவனத்தின் டிக்கெட்டைக் காட்டி வாசலில் பெறும் தள்ளுபடியின் வழக்கமான வடிவம் இதற்கு மாறானது: அருங்காட்சியகம் இரண்டாவது நுழைவின் வருவாயை விட்டுக்கொடுக்கிறது, ரயில் நிறுவனம் தன் பயணிகளிடம் அதன் பெயரைக் கொண்டுசெல்கிறது. விளம்பரத்தின் மதிப்பு விட்டுக்கொடுத்த வருவாயை ஈடுகட்டினால் நல்லது. ஈடுகட்டாவிட்டால், பொதுப்பணத்தில் நடக்கும் கூடம் ரயில் நிறுவனத்தின் விற்பனைக்கு மானியம் கொடுத்ததாகிவிடும்.

மூன்றாவது வழியும் உண்டு. பெல்ஜிய ரயில்வே, சுற்றுலா இடத்துக்குப் போகிறவரின் ரயில் டிக்கெட்டையே பாதி விலைக்குத் தரும் முறையைக் கையாண்டிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ரயில்அவே நிறுவனமும் பயணத்தையும் நுழைவையும் இணைத்துச் சலுகையில் விற்கிறது. 1851இன் உண்மையான வாரிசுகள் இவைதான் என்று சொல்லத் தோன்றுகிறது. பயணத்தின் பெருஞ்செலவு எங்கே இருக்கிறதோ அங்கே கைவைக்கின்றன.

சலுகைக்கு எல்லைக் கோடு போடுவதிலும் சிக்கல் உண்டு. பிரிட்டனின் உள்நாட்டுத் திட்டத்தில் தேசிய ரயில்சேவையின் டிக்கெட் இருந்தால்தான் சலுகை; நகரப் போக்குவரத்துக்கான ஆய்ஸ்டர் அட்டை செல்லாது என்பது விதியாக இருந்தது. லண்டன்வாசிகள் பலர் அருகிலுள்ள ரயில் நிலையத்தில் காகித டிக்கெட்டை வாங்கி, அதைக் காட்டி உள்ளே போனார்கள். வெளியூர்ப் பயணியைக் கவர வகுத்த திட்டம் உள்ளூர்க்காரரின் சேமிப்பு வழியாகவும் ஆனது. இதில் தவறேதும் இருப்பதாகச் சொல்ல முடியாது. ஆனால் திட்டத்தின் பலனை அளப்பவர், பயன்படுத்திய எல்லோரையும் ரயிலில் வந்த புதுப் பார்வையாளராக எண்ணிவிடக் கூடாது.

கூட்டத்தைத் திருப்புதல்

லூவருக்கு 2024இல் வந்தவர்கள் 87 இலட்சம் பேர். அங்கே இன்னும் ஆளைச் சேர்ப்பது யாருக்கும் நன்மை தராது. இந்தப் பின்னணியில் எழுந்த வாதம், சலுகையைக் கூட்டம் பெருக்கும் கருவியாக அன்றி, கூட்டத்தைத் திருப்பும் கருவியாகப் பயன்படுத்தலாம் என்பது. இதற்கு ரயிலின் வரைபடம் துணைநிற்கிறது. பாரிசுக்கு வடக்கே, சுரங்கங்கள் மூடிய லான்ஸ் நகரில் 2012 டிசம்பரில் லூவரின் கிளை திறக்கப்பட்டது. யூரோஸ்டார் நிற்கும் லீல் அருகிலேயே இருக்கிறது. கிழக்கு அதிவேகப் பாதை 2007இல் வந்து பாரிசிலிருந்து மெஸ் நகரை ஒன்றரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்தது. 2010இல் பாரிசின் பாம்பிடூ கலை மையத்தின் கிளை அங்கே எழுந்தது. இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில் 2009இல் அதிவேக ரயில் சேவை தொடங்கியது. 2011இல் மார்கேட்டில் டர்னர் கன்டெம்பரரி கலைக்கூடம் திறந்தது.

இவற்றில் மார்கேட் கூடத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. லான்ஸ் கிளையின் மையக் கூடமும் இலவசமாகவே தொடங்கியது. அதாவது, பயணிகளைத் திருப்பிவிட வேண்டும் என்று எங்கே உண்மையாக எண்ணினார்களோ, அங்கே தள்ளுபடியை நம்பாமல் கட்டடத்தையும் ரயில் பாதையையும் இலவச வாசலையும் நம்பினார்கள். வாசலில் கிடைக்கும் பத்து யூரோ தள்ளுபடி, இன்னொரு ஊருக்குப் போய்வரும் செலவுக்கும் அரை நாள் இழப்புக்கும் முன்னால் சிறிது. நகரத்துக்குள்ளேயே ஒரு கூடத்திலிருந்து மற்றொரு கூடத்துக்குத் திருப்ப அது உதவலாம். நகரம் விட்டு நகரம் திருப்ப உதவும் என்பதற்கு ஆதாரம் குறைவு.

சூழலியல் வாதத்துக்கும் இதே வரம்பு பொருந்தும். விமானத்தைவிட ரயில் கரியுமிழ்வு குறைவானது என்பதில் ஐயமில்லை. அருங்காட்சியகங்களின் கரிச் சுவட்டில் பார்வையாளர் பயணம் பெரும் பங்கு வகிப்பதும் ஏற்கப்பட்ட செய்தி. ஆனால் லண்டனிலிருந்து இரண்டேகால் மணி நேரத்தில் பாரிசின் நடுவே கொண்டுபோய் இறக்கும் ரயிலை ஒருவர் தேர்ந்தெடுப்பது நேரத்துக்காகவும் வசதிக்காகவும் கட்டணத்துக்காகவும்தான். நுழைவுச் சலுகையும் அந்தத் தேர்வை மாற்றுகிறது என்று கொள்வது கடினம்.

தீராத கேள்விகள்

இந்த விவாதத்தின் மையத்தில் இன்னும் நிரம்பாத இடம் ஒன்று இருக்கிறது. சலுகையைப் பயன்படுத்தியவர் எத்தனை பேர் என்று வாசலில் எண்ணிவிடலாம். சலுகை இல்லாவிட்டால் அவர்களில் எத்தனை பேர் வராமலே இருந்திருப்பார்கள் என்பதை அப்படி எண்ண முடியாது. ஒரு பருவத்தில் சலுகை தந்து மறு பருவத்தில் நிறுத்தி, ஒத்த அளவுள்ள இரு கூடங்களை ஒப்பிட்டால் ஓரளவு தெரியவரும். அப்படிச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு ரயில் நிறுவனத்துடையதா, அருங்காட்சியகத்துடையதா, இருவருக்கும் பணம் தரும் அரசுடையதா என்பதே தெளிவாகவில்லை.

நேர ஒதுக்கீட்டு முன்பதிவு இன்னொரு சிக்கல். டிக்கெட்டைக் கவுன்ட்டரில் காட்டிச் சலுகை பெறுவது என்ற முறை, நினைத்த நேரத்தில் உள்ளே போக முடிந்த காலத்தில் உருவானது. பெருந்தொற்றுக்குப் பின் பெரிய கூடங்கள் இணையவழி நேர ஒதுக்கீட்டுக்கு மாறிவிட்டன. கவுன்ட்டருக்கு வருபவருக்கு அன்றைய இடமே இல்லாமல் போகலாம். ரயில் முன்பதிவும் நுழைவு முன்பதிவும் ஒரே இடத்தில் இணைக்கப்பட்டால் சலுகை உயிர்பெறும். இணைக்கப்படாவிட்டால் நடைமுறையில் சிறிய கூடங்களுக்கானதாகச் சுருங்கும். மேலே சொன்ன காரணங்களைப் பார்த்தால் அந்தச் சுருக்கம் கெடுதலாக இருக்கத் தேவையில்லை.

வெளியூர்க்காரரிடம் கூடுதலா, குறைவா என்ற பழைய கேள்விக்கு அடுத்த சில ஆண்டுகளில் புதிய தரவு கிடைக்க வாய்ப்பிருக்கிறது. லூவரின் இரட்டைக் கட்டணத்துக்கு முன்னும் பின்னும் பிரிட்டிஷ் பார்வையாளர் எண்ணிக்கை எப்படி மாறியது என்பதையும், அதே காலத்தில் ரயில் சலுகை தந்த பாரிசின் சிறிய கூடங்களுக்கு அவர்கள் வந்தது கூடியதா என்பதையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். அதற்கு அந்தச் சிறிய கூடங்கள், வருபவர் எந்த நாட்டிலிருந்து, எந்த வண்டியில் வந்தார் என்பதை இப்போதிருந்தே பதிவுசெய்துவர வேண்டும்.